மீன் அமிலம்: பயிருக்கு நல்லது, தெளிப்பானுக்குப் பகை

என் கைத்தெளிப்பான் மீண்டும் ஒருமுறை பழுதுபார்க்கும் கடைக்குப் போய்வந்திருக்கிறது. வாஷரை மாற்றிய கடைக்காரர், நாசிலுக்குள் இருந்த அடைப்பை ஊசியால் குத்தியெடுத்துக் காகிதத்தில் தட்டிக் காட்டி, "சாரே, இதுல என்னத்த ஊத்தி அடிக்கிய?" என்று கேட்டார். காகிதத்தில் கிடந்தது ஒரு சாளை (மத்தி) மீனின் செதில். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. ஓரங்களில் பழுப்பு நிறக் கொழுப்பு திரண்டு ஒட்டியிருந்தது. அதே வாரத்தில், தக்கலைப் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் செடிகளுக்குத் தெளிக்கும் மீன் அமிலத்தை வீட்டிலேயே தயாரிப்பதா, கடையில் பாட்டிலாக வாங்குவதா என்று கேட்டிருந்தார். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தயாரிக்கும் முறையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடியுள்ள வாளி, நிழலான இடம், மூன்று வாரம் முதல் நாற்பது நாள் வரை காத்திருப்பு, பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி வரை கலந்து தெளிப்பது என்பது வீட்டுத்தோட்டம் போடும் எல்லாருக்கும் தெரிந்ததே. வெல்லம் ஏன் சம எடையில் இருக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். அந்த அளவு இனிப்பு இருந்தால்தான் மீனில் உள்ள நீர் வெளியே இழுக்கப்படும்; அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கி, இனிப்பையும் புளிப்பையும் தாங்கக்கூடிய ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் மேலோங்கும்; மீன் குடலிலேயே உள்ள நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கும் வரை கலவை கெடாமல் நிற்கும். வெல்லம் குறைந்தால் அம்மோனியா நெடியும் ஈப்புழுவும்தான் மிஞ்சும். சரியாக அமைந்த வாளியைத் திறந்தால் புளித்த அக்கானியின் (பதநீரின்) மணம்தான் வரும். மீன் வாடை இருக்காது.

குமரி மாவட்டத்தில் இருப்பவருக்கு இதைப்போல் எளிதில் கிடைக்கும் மூலப்பொருள் வேறு எதுவும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் இருக்கிறது. நம் மாவட்டம் இரண்டு கணக்கிலும் வருவதால், கிழக்குக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும் நாட்களில் பெரும்பகுதி, மேற்குக் கணக்கில் வரும் குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீன் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் தடை நடக்கும்போது மறுபக்கம் இறங்கும். இடையில் இரண்டு வாரம் மட்டுமே இரு பக்கமும் ஒன்றாக அடங்குகிறது, அப்போதும் சிறு வள்ளங்களில் போகிறவர்கள் கொண்டுவரும் மீன் சந்தைக்கு வந்துவிடும். சந்தையில் மீன் வெட்டித் தரும் அக்காவிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் தலையும் குடலும் செவுளும் காசில்லாமல் பையில் கட்டி வைத்திருப்பார். ஆகவே செலவு என்று பார்த்தால் வெல்லத்துக்கு மட்டும்தான்.

பயனைப் பற்றி என்னிடம் குறை எதுவும் இல்லை. கறிவேப்பிலையில் இதைப்போல் வேலை செய்யும் வேறொரு கரைசலை நான் கண்டதில்லை. கவாத்து செய்த கிளையில் தெளித்தால் அடுத்த வாரத்திலேயே செம்பழுப்பு நிறக் கொழுந்துகள் கணுக்கணுவாக வெடித்துக் கிளம்பும், இலை முற்றியபின் கையில் கசக்கினால் மணமும் தூக்கலாக இருக்கும். சிறுகீரை, தண்டங்கீரை, பசலை எல்லாவற்றிலும் இலை அகலமாகிறது. கொல்லையில் நிற்கும் மட்டி வாழைக்கு வேரில் ஊற்றும்போது புதிய இலை விரியும் வேகம் கூடுவதைப் பக்கத்து வீட்டுக்காரரே கேட்டு விசாரித்திருக்கிறார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் குட்டிப் பழத்தைப் பொறுத்தவரை என் அக்கறை கொஞ்சம் அதிகம்தான். குலை தள்ளும் வரை அதற்கு வேறு ஊட்டம் நான் தேடுவதில்லை. இலைக்கும் தண்டுக்கும் போகும் தழைச்சத்து இது என்பதால், பூ வைக்கும் பருவத்தில் அவரைக்கும் பயறுக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடி மட்டும் தழைக்கும். பூச்சியையும் விரட்டும் என்று சொல்கிறார்கள். அப்படி ஒன்றை என் தோட்டத்தில் நான் பார்க்கவில்லை. மிளகாயில் இலைச்சுருட்டு வந்தால் இது தீர்க்காது, தெளித்த இனிப்புக்கு எறும்பு வந்து மாவுப்பூச்சியையும் கூட்டிவரும்.

இத்தனை நல்லதைச் சொன்ன பிறகு, என்னை விடாமல் துரத்தும் தொல்லைக்கு வருகிறேன். மீன் அமிலம் பற்றி எங்கே படித்தாலும், யாரிடம் கேட்டாலும், கடைசியில் ஒரு வரி இருக்கும்: "வடிகட்டிப் பயன்படுத்தவும்." அந்த ஒரு வரிக்குள்தான் இந்த வேலையின் பாதிக்கும் மேற்பட்ட உழைப்பு ஒளிந்திருக்கிறது, அதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. சாளை எண்ணெய் மிகுந்த மீன். வாளியை அசைக்காமல் வைத்திருந்தால் மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும்: மேலே மஞ்சள் கலந்த எண்ணெய், நடுவில் தேயிலைச் சாயத்தை ஒத்த தெளிந்த திரவம், அடியில் முள்ளும் செதிலும் கூழும். தேயிலை வடிகட்டியில் ஊற்றினால் செதில் சரிந்து அதன் கண்ணிகளிலேயே நுழைந்துவிடுகிறது. பழைய துவர்த்தை (துண்டை) நான்காக மடித்து ஊற்றினால் முதல் குவளை இறங்கும். அதற்குள் எண்ணெய் நூலிழைகளை நிறைத்து, இரண்டாவது குவளை துணியின் மேலேயே நின்றுவிடும். பிழிந்தால் கூழும் சேர்ந்து இறங்குகிறது. பிழியாமல் தொங்கவிட்டால் இரவு முழுவதும் சொட்டும், அதற்குள் பூனை வந்துவிடும். துணியைத் துவைத்துக் காயவைத்தாலும் வாடை போவதில்லை, அடுத்த முறைக்கு வேறு துணிதான்.

இந்த வரி ஏன் இவ்வளவு எளிதாக எழுதப்பட்டிருக்கிறது என்று யோசித்தால் காரணம் தெரிகிறது. மீன் அமிலம் போன்ற இயற்கை வேளாண் கரைசல்கள் எல்லாம் வயலுக்காக வந்தவை. இயற்கை வேளாண்மையாளர் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய, சாணமும் கோமியமும் சேர்த்துச் செய்யும் ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் பீப்பாய்க் கணக்கு; அதைப் பாசன வாய்க்காலில் தண்ணீரோடு கலந்துவிட்டால் வடிகட்டலே தேவையில்லை. மாட்டிடமிருந்து கிடைக்கும் ஐந்து பொருள்களைக் கொண்டு செய்யும் பஞ்சகவ்யத்துக்குப் பயிர்த்தொழிலில் வடிவம் கொடுத்தவர் கொடுமுடி மருத்துவர் நடராஜன். அதை மூன்று சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்கிறார்கள், ஆனால் உழவர் முதுகில் சுமக்கும் தெளிப்பானின் நாசிலைக் கழற்றிப் பெரிய துளையுள்ளதை மாட்டிக்கொள்ள முடியும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து இவற்றை எல்லாம் உழவர்களிடம் கொண்டுசேர்த்தபோது அவர் மனத்தில் இருந்ததும் நிலம்தான். மாடியில் பத்திருபது தொட்டி வைத்திருப்பவர் கையில் இருப்பது இரண்டு லிட்டர் தெளிப்பான், அதன் நாசில் பனிபோல் தூவுவதற்காகவே நுண்ணிய துளையோடு செய்யப்பட்டது. வயலுக்கு எழுதப்பட்ட குறிப்பை மாடிக்கு அப்படியே கொண்டுவந்தவர்கள் இந்த ஓர் இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். வீட்டுத்தோட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருபவர்களாவது இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

மற்றக் கரைசல்கள் இந்த விஷயத்தில் பெரிதும் மேல் என்று சொல்ல மாட்டேன். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்துச் செய்யும் தேமோர்க் கரைசலில் தேங்காய்ப்பால் கொழுப்பு இருக்கிறது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால், மலையை ஒட்டிய ஊர்களில் மார்கழிக் காலையில் தெளிக்கப் போனால் குழாயே அடைபட வாய்ப்புண்டு. ஆனால் தேமோரில் செதில் இல்லை, வெயில் ஏறியதும் கொழுப்பு இளகிவிடும். பப்பாளியும் பூசணியும் வாழைப்பழமும் போட்டுச் செய்யும் பழக்கரைசலில் நார்தான் எதிரி, அது துணியில் நின்றுவிடுகிறது. எண்ணெயும் செதிலும் முள்தூளும் ஒன்றாகச் சேர்ந்து வருவது மீன் அமிலத்தில் மட்டும்தான்.

வெல்லத்தின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. நாட்டு வெல்லம் என்று வாங்கிய கட்டியைக் கரைத்துப் பார்த்தால் அடியில் மண்ணும் சக்கையும் படிகின்றன, அவையும் நாசிலுக்கே வந்து சேர்கின்றன. கருப்பட்டி போடலாம் என்றால் அதன் விலை மீனுக்கும் செடிக்கும் சேர்த்துக் கட்டுப்படியாகாது. சீனிப்பாகு கலந்த கருப்பட்டியைப் பனங்கருப்பட்டி விலைக்கே தலையில் கட்டும் கடைகளும் இருக்கின்றன. வெல்லத்தை முதலில் சிறிது தண்ணீரில் கரைத்து வடித்துவிட்டுப் போடலாமே என்று கேட்பார்கள். தண்ணீர் சேர்ந்தால் இனிப்பின் அடர்த்தி குறையும், அது குறைந்தால் அழுகல் தொடங்கும். எனவே கட்டியாகவே இடித்துப் போடுகிறேன்.

இப்போது நான் செய்வது இதுதான். சாளையைத் தவிர்த்து, எண்ணெய் குறைந்த மீன்களின் கழிவை மட்டும் கேட்டு வாங்குகிறேன். செதிலை வீட்டில் தனியாகச் சுரண்டி எடுத்துத் தென்னை மூட்டில் புதைத்துவிட்டு, மீதியை மட்டும் வாளியில் போடுகிறேன். நொதித்து முடிந்ததும் வாளியைத் தொடாமல் இரண்டு நாள் விட்டு, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை நடு அடுக்குவரை இறக்கி, வாயால் உறிஞ்சாமல் டியூபில் தண்ணீர் நிரப்பிச் சரித்து, அந்தத் தெளிந்த திரவத்தை மட்டும் பாட்டிலுக்கு இறக்குகிறேன். இப்படி எடுப்பது நாசிலில் அடைப்பதில்லை. கலப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட மழைத்தண்ணீர் மேல், படிவு குறைவாக இருக்கிறது. தெளித்த உடனே தெளிப்பானில் இளஞ்சூடான தண்ணீரும் சீவக்காய்த் தூளின் தெளிவும் ஊற்றி அடித்துக் கழுவ வேண்டும், மறுநாளுக்குத் தள்ளிவைத்தால் உள்ளே இறுகிவிடும். இவ்வளவும் செய்தால் கிடைப்பது வாளியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மேலிருக்கும் எண்ணெயும் அடிக் கூழும் பத்து மடங்குக்கும் மேல் தண்ணீர் சேர்த்து வாழைக்கும் தென்னைக்கும் வேரில் போய்விடுகின்றன. அவை வீணாகவில்லை, ஆனால் தெளிப்பதற்காகச் செய்தது தெளிப்புக்குக் கிடைக்கவில்லை என்ற ஆற்றாமை எனக்கு இருக்கத்தான் செய்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், தெளித்ததும் மழை வந்து இலையைக் கழுவிவிட்டால் அந்த ஆற்றாமை இரட்டிப்பாகிறது.

ஆகவே தக்கலை நண்பருக்கு இந்த மாதம் நான் சொல்லும் பதில், மேலே எழுதிய புகழ்ச்சிக்குப் பொருந்தாமல் இருக்கும். கொல்லையும் வாழையும் தென்னையும் உள்ளவர் வாளி போடட்டும், வேரில் ஊற்றட்டும், வடிகட்டலைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். அவருக்கு இதைவிடச் சிறந்த ஊட்டம் இல்லை. மாடியில் தொட்டி மட்டும் வைத்திருந்து, இலைவழித் தெளிப்பையே நம்பியிருப்பவர் வீட்டில் தயாரிக்க வேண்டாம், பாட்டிலே வாங்கிக்கொள்ளட்டும். வெல்லத்தின் விலை, துணி, தெளிப்பான் பழுது எல்லாவற்றையும் கூட்டினால் பாட்டில் விலைக்கு அருகில் வந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு கடையில் இப்போது விலையும் குறைத்திருக்கிறார்கள். வாங்கும்போது பாட்டிலைக் குலுக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலமோ அடியில் செதிலோ தெரிந்தால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.