ஆறு வருடமாக ஒரு 10×50 பைனாகுலர்

வானம் பார்க்க முதலில் என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பைனாகுலர்தான். 2019-இல் வாங்கிய 10×50 ஆறு வருடம் கழித்தும் வாரத்தில் இரண்டு இரவாவது திருச்சி மொட்டை மாடிக்கு என்னோடு வருகிறது.

அதற்கு முன் ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கினேன். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்தது. முன் லென்ஸோ 50 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது பொதுவான கணக்கு. இதில் 100 மடங்கைத் தாண்டினால் பிம்பம் மங்கிக் குழைந்துவிடும். முக்காலி அதைவிட மோசம். திருகைத் தொட்டாலே நிலா ஆடும். ஒரே மாதத்தில் என் மகள் அதன் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வலித்தது அதுதான்.

10×50-இல் 10 என்பது உருப்பெருக்கம், 50 முன் லென்ஸின் அகலம். வகுத்தால் 5. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை 5 மி.மீ., இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது சரியாகப் பொருந்தும். என்னுடையதில் ஒரே பார்வையில் ஆறரை டிகிரி வானம் தெரிகிறது. பதின்மூன்று முழுநிலாவை வரிசையாக வைக்கலாம்! அதனால் தேடுவது சுலபமாகச் சிக்கும்.

முதல் இரவு கார்த்திகையைக் காட்டினேன். வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளி, இதில் நீலம் கலந்த வெள்ளையில் எத்தனையோ. மகள் எண்ணிக்கொண்டே இருந்தாள், கீழே வர மனமில்லை. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்றதையும் இதில்தான் பார்த்தோம். மே மாத இரவில் ஒன்பது மணிக்கு மேல் தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து, பஞ்சுருண்டை மாதிரி. லண்டனில் அது தொடுவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நமக்கு வாய்த்திருக்கிறது.

கை ஆட்டம் பெரிய குறை. வியாழனின் நான்கு நிலவுகளைப் பார்க்க முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்ற வேண்டும். தலைக்கு நேர் மேலே பார்க்க வேண்டுமா, பாயை விரித்துப் படுத்துவிடுங்கள். சனியின் வளையம் இதில் தெரியாது, அதற்கு டெலஸ்கோப் வேண்டும். நான் நான்காம் வருடம் டாப்சோனியன் வகை ஆறு அங்குல டெலஸ்கோப் வாங்கினேன். அருமையான கருவி. ஆனால் படியேற்றுவதற்குள் மூச்சு வாங்கும். திடீரென்று மேகம் விலகும் இரவுகளில் கை போவது பைனாகுலருக்குத்தான்.

இன்னொன்று, பூஞ்சை. மூன்றாவது மழைக்காலத்தில் துணிப்பையோடு அலமாரியில் வைத்துவிட்டேன், லென்ஸ் ஓரத்தில் வலைபோலப் படர்ந்துவிட்டது. சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கியதிலிருந்து சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில்தான் வைக்கிறேன்.

வாங்கும்போது கடை வாசலில் நின்று தூரத்துக் கோபுர விளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு இரண்டாகத் தெரிந்தால் அந்தப் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேளுங்கள்.