வாட்ச் சர்வீஸ் பில்லில் "வாட்டர் டெஸ்ட் ஓகே" என்று இருக்கிறதா? டெஸ்ட் எந்தத் தேதியில் நடந்தது என்று பாருங்கள்

விலை உயர்ந்த மெக்கானிக்கல் வாட்ச் வைத்திருப்பவர்கள், அதுவும் கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்லாத வெளிக் கடைகளில் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "எல்லா கேஸ்கெட்டும் மாற்றப்பட்டது, 300 மீட்டர் வாட்டர் டெஸ்ட் செய்யப்பட்டது" என்று பில்லில் எழுதி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டு, பழைய கேஸ்கெட்டையே, அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தையே, திரும்ப உள்ளே வைத்து மூடிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று என் வாட்சுக்குள் துரு. கடையின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்த ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

என்னுடையது ஒமேகா சீமாஸ்டர் டைவர், அதாவது 300 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று டயலில் எழுதியிருக்கும், நீருக்குள் மூழ்குபவர்களுக்கான வாட்ச். 2012இல் வாங்கியது. ஒருமுறை கம்பெனியிலேயே சர்வீஸ் ஆனது. 2024இல் நேரம் பின்தங்க ஆரம்பித்தபோது, சென்னையில் சொகுசு வாட்ச்களுக்கென்றே இருக்கும் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கண்ணாடி அறை, வெள்ளைக் கோட்டு போட்ட ஆட்கள், மேஜை மேல் டெஸ்டிங் மெஷின் என்று எல்லாம் பார்க்க ஒழுங்காகவே இருந்தது. "சார், இது டைவர் வாட்ச், அதனால கேஸ்கெட் செட் முழுசா மாத்தித்தான் குடுப்போம்" என்று அவர்களாகவே சொன்னார்கள். மொத்தம் 22,000 ரூபாய். பில்லோடு டெஸ்ட் மெஷினில் வந்த சின்ன பிரிண்ட் சீட்டும் பின் செய்து கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து, குடியிருப்பு நீச்சல் குளத்தில் மகளுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் நெஞ்சளவுதான். வீட்டுக்கு வந்து ஏசி அறையில் உட்கார்ந்தபோது கண்ணாடியின் உள்பக்கம் 4 மணிப் பக்கமாக ஒரு மூட்டம். துணியால் துடைத்தால் போகவில்லை.

கடைக்கு ஓடினேன். அவர்கள் சொன்ன பதில்தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. "சார், நீங்க நீச்சல் அடிக்கும்போது கை வேகமா தண்ணியில அடிக்குது இல்ல, அந்த ஃபோர்ஸ்ல பிரஷர் பல மடங்கு ஏறிடும். 300 மீட்டர்ங்கறது அசையாம இருக்கிற தண்ணிக்குத்தான்." இதை நிறையப் பேர் நம்புகிறார்கள். நானும் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டால் நிற்காது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் 1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கூடும். 300 மீட்டர் என்றால் 30 பார். நெஞ்சளவு தண்ணீரில் 0.2 பார்கூடக் கிடையாது. கை அடிப்பதால் வருவது? நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும் (சாதாரண ஆள் அவ்வளவு வேகமாக வீச முடியாது) கூடுதலாக வருவது 0.12 பார் அளவுதான். 30 பார் தாங்கும் வாட்ச் இதில் தோற்றது என்றால் அதற்கு நீச்சல் காரணமில்லை. வாட்ச் மூடப்பட்ட விதம்தான் காரணம்.

கடைக்காரர்கள் "இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றார்கள். நான் கொடுக்கவில்லை. நல்ல வேளை. நண்பர் ஒருவர் சொல்லி, புரசைவாக்கம் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அன்றைக்கே கொண்டுபோனேன். என் எதிரிலேயே பின்மூடியைத் திறந்தார். நான் வீடியோ எடுத்துக்கொண்டேன்.

பின்மூடிக்குக் கீழே இருக்கும் ஓ-ரிங்கை இடுக்கியில் தூக்கிக் காட்டினார். புது ரிங் குறுக்குவெட்டில் உருண்டையாக இருக்கும். இது பட்டையாக, ரிப்பன் மாதிரி நசுங்கியிருந்தது. மேலே மட்டும் புது சிலிக்கான் கிரீஸ் பளபளவென்று தடவியிருந்தது. "தம்பி, இது பல வருஷம் நசுங்கின ரப்பர். சில மாசத்துல இப்படி ஆகாது," என்றார். ரிங் உட்காரும் பள்ளத்தில் ஓர் இடத்தில் பழுப்புக் கறை, தண்ணீர் வந்த வழி அப்படியே தெரிந்தது. கிரவுன், அதாவது சாவி கொடுக்கும் திருகு, பழையதேதான். அதன் உள்ளே இருக்கும் சீலை, அதாவது அடைப்பு ரப்பரை, தனியாக மாற்றுவதில்லை, கிரவுனையே மாற்றுவதுதான் வழக்கம் என்றார். பில்லில் "கிரவுன் கேஸ்கெட் மாற்றம்" என்று ஒரு வரி இருக்கிறது. 10 மணிப் பக்கம் இருக்கும் ஹீலியம் வால்வின் (ஆழ்கடல் வேலையில் வாட்சுக்குள் புகும் ஹீலியம் வாயுவை வெளியேற்றும் திருகு) ஓரத்தில் வருடக்கணக்கான அழுக்கு. யாரும் தொடவில்லை.

அப்புறம் அவர் அந்த பிரிண்ட் சீட்டை வாங்கிப் பார்த்தார். எனக்குத் தோன்றாத ஒன்று அவருக்கு உடனே கண்ணில் பட்டது. டெஸ்ட் நடந்த தேதி, நான் வாட்சைக் கொடுத்த அதே நாள். டெலிவரி கொடுத்ததோ பல வாரம் கழித்து. அதாவது, வாட்சைத் திறப்பதற்கு முன்னால், கம்பெனிக்காரன் மூடிய நிலையிலேயே டெஸ்ட் செய்திருக்கிறார்கள். அது பாஸ் ஆகியிருக்கிறது. அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு திறந்து, வாட்சுக்குள் ஓடும் மெஷினைக் கழற்றி சர்வீஸ் செய்து, அதே ரப்பரைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மூடிய பிறகு டெஸ்டே கிடையாது. சீட்டில் இருந்த அழுத்தமும் 6 பார்தான். 6 பார் டெஸ்ட் ஒழுங்காகச் செய்திருந்தால் குளத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதைக் காட்டி "300 மீட்டர்" என்று பில் போடுவது பொய். 30 பாருக்கு மேல் அழுத்திப் பார்க்க தண்ணீர் நிரப்பிய வேறு வகை மெஷின் வேண்டும்.

இந்த சீல்கள் எத்தனை வருடம் உழைக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு வாட்சில் இருப்பது ஒரு சீல் அல்ல. பின்மூடி ரிங் அசையாமல் நசுங்கிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், சிலவற்றில் வைட்டான் என்ற வேறு வகை ரப்பர். குக்கர் கேஸ்கெட் நாளாக ஆக இறுகி, மூடியைப் பிடிக்காமல் ஆவியை விடுகிறதே, அதே கதைதான். நசுங்கிய ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. திறக்காதவரை அது தன் பள்ளத்துக்குப் பழகிப்போய் பல வருடம் காப்பாற்றும். ஒருமுறை திறந்து வேறு கோணத்தில் உட்கார வைத்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். என் வாட்சில் நடந்தது இதுதான். அதே பழைய ரப்பர் காலையில் டெஸ்டில் பாஸ் ஆகலாம், திறந்து மூடிய பின் ஃபெயில் ஆகலாம். அதனால்தான் திறந்தால் மாற்று என்பது இந்தத் தொழிலில் விதி. ரிங்கின் விலை மொத்த பில்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கிரவுன் சீல் வேறு மாதிரி. அது உராய்ந்து தேய்வது. தினமும் திருகித் திறந்து சாவி கொடுக்கும் வாட்சில் சீக்கிரம் போகும். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கைத் தொடர்ந்து கட்டுபவர்களுக்கு நீண்ட நாள் வரும். கண்ணாடியைச் சுற்றியுள்ள நைலான் வளையம் பொதுவாக இவை எல்லாவற்றையும் விட அதிகம் தாங்கும். வியர்வை, சோப்பு, சன்ஸ்கிரீன், சென்ட், வெந்நீர் எல்லாமே ரப்பரின் ஆயுளைக் குறைக்கும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஒமேகா முழு சர்வீஸுக்கு 5 முதல் 8 வருடம் என்கிறது, ரோலக்ஸ் சுமார் 10 வருடம். அது உள்ளே ஓடும் மெஷினுக்கான கணக்கு. தண்ணீரில் இறங்குபவர்கள் சீலை வருடம் ஒருமுறை சோதித்துவிடுவதே நல்லது. அதற்கு வாட்சைத் திறக்கவே வேண்டாம், சில நிமிட வேலை.

டயலில் எழுதியிருக்கும் மீட்டர் எண், வாட்ச் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளுக்கான வாக்குறுதி. டைவர் வாட்ச்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தின்படி ஒவ்வொரு வாட்சையும் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் 25 சதவீதம் கூட்டிச் சோதிக்க வேண்டும். 300 மீட்டர் வாட்ச் 37.5 பார் தாங்க வேண்டும். வெளியே ஒருவர் அதைத் திறந்துவிட்டால் அந்த வாக்குறுதி முடிந்தது. பிறகு அதை மூடியவர்தான் பொறுப்பு.

ஆகவே கடையில் கேளுங்கள்: கழற்றிய பழைய ரிங்குகளை ஒரு கவரில் போட்டுத் திரும்பத் தர வேண்டும் என்று, வாட்சைக் கொடுக்கும்போதே, பில்லில் எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டெஸ்ட் சீட்டில் தேதி, நேரம், அழுத்தம், வாட்சின் சீரியல் எண் நான்கும் இருக்க வேண்டும். தேதி டெலிவரி நாளுக்கு ஒட்டி இருக்க வேண்டும். இன்னும் நல்லது, டெலிவரி எடுக்கும்போது உங்கள் எதிரில் ஒருமுறை டெஸ்ட் செய்யச் சொல்வது. வெளியிலிருந்து அழுத்திப் பார்க்கும் டெஸ்ட் மட்டும் போதாது, காற்றை உறிஞ்சும் வேக்குவம் டெஸ்டும் கேளுங்கள். வெளியிலிருந்து அழுத்தும்போது பின்மூடி ரப்பரின் மேல் இறுகி ஓட்டையை மறைத்துவிடும். வேக்குவத்தில் அது வெளியே இழுக்கப்படும், அப்போது குட்டு வெளிப்படும். கூடவே, சூடான தட்டில் 40 டிகிரிக்கு மேல் வாட்சைச் சூடாக்கி, கண்ணாடி மேல் குளிர்ந்த நீர்த் துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. உள்ளே ஈரம் இருந்தால் துளி இருந்த இடத்தில் மூட்டம் கட்டும்.

உங்கள் வாட்சில் மூட்டம் தெரிந்தால் அரிசிக்குள் புதைக்காதீர்கள். மூடிய வாட்சுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி எப்படி உறிஞ்சும்? தானாக மூட்டம் மறைந்தாலும் ஈரம் வெளியே போய்விட்டது என்று அர்த்தமில்லை, எண்ணெயிலும் எஃகுப் பாகங்களிலும் போய் ஒட்டிக்கொண்டது என்றுதான் அர்த்தம். கடல் தண்ணீர் என்றால் இன்னும் அவசரம். எந்தக் கடையாக இருந்தாலும் அன்றைக்கே திறந்து காய வையுங்கள். நான் அன்றே திறந்தும் கிரவுன் தண்டிலும் அதன் பக்கத்து ஸ்பிரிங்கிலும் துரு பிடித்திருந்தது, தேதி வளையத்தில் கறை. உதிரி பாகத்தோடு 65,000 ரூபாய் என்று மதிப்பீடு வந்திருக்கிறது.

கடைக்காரர்கள் இப்போது சர்வீஸ் தொகை 22,000ஐத் திருப்பித் தருகிறோம், இனி புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். மறுத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவாகியிருக்கிறது. அது நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பில், தேதி போட்ட டெஸ்ட் சீட்டு, திறந்தபோது எடுத்த வீடியோ, அந்த நசுங்கிய ரிங், பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாம் என்னிடம் இருக்கிறது. இதேபோல் திறப்பதற்கு முன் எடுத்த டெஸ்ட் சீட்டை வைத்து ஏமாற்றப்பட்டவர்கள் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். புகார் மனுவை எப்படி எழுதினேன் என்று அனுப்பி வைக்கிறேன்.