வளர்க்கும் கிளெம்சனா, சேர்க்கும் இண்டியானாவா?

2023 கடைசியில் வேலை மாறி, தென் கரோலைனாவிலிருந்து இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸுக்குக் குடி வந்தோம். அதற்கு முன் ஏழு வருடம் நான் தென் கரோலைனாவின் கிளெம்சன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகன். 2018-இல் 15 ஆட்டங்களையும் ஜெயித்து அவர்கள் சாம்பியன் ஆன சீசன் முழுக்க அந்த ஊர்ப் பக்கம்தான் இருந்தேன். 2025 சீசனுக்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஆட்டம் பார்க்க ஒதுக்கும் பணத்தில் கிளெம்சனுக்கு இரண்டு முறை போய்வருவதா, பக்கத்து ப்ளூமிங்டனில் இண்டியானா பல்கலைக்கழக அணிக்கு சீசன் டிக்கெட் எடுப்பதா? இண்டியானாவுக்கு எடுத்தேன். தூரமும் செலவும் யாருக்கும் புரியும், அதை விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது, கல்லூரி வீரர்களுக்குப் பணமும் அணி மாறும் சுதந்திரமும் வந்த பிறகு இந்த இரண்டு அணிகளும் எடுத்த இரண்டு வழிகளைப் பற்றி.

பின்னணி சுருக்கமாக: வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை 1 முதல் அனுமதி. அதே வருடம், முதல் முறை கல்லூரி மாறுகிறவர் ஒரு சீசன் வெளியே உட்கார வேண்டும் என்ற விதியும் போனது. 2024 ஏப்ரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது, படிப்பில் தேறியிருந்தால் போதும். 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகக் காசு தருகிறது, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருட வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

கிளெம்சன் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி பள்ளியிலிருந்து பையன்களை எடுத்து மூன்று நான்கு வருடம் வளர்ப்பவர். 2024-இல் போர்ட்டல் வழியாக, அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியலிலிருந்து, ஒருவரைக்கூட எடுக்கவில்லை, அந்த வருடம் கிளெம்சன் ஆடும் ஏசிசி லீக்கின் கோப்பையும் வாங்கினார். பார்க்கிறவனுக்கு அதில் ஒரு சுகம் உண்டு. கேட் கிளப்னிக் என்ற வீரன் முதல் வருடத்தில் தடுமாறியதிலிருந்து நான்காம் வருடம் வரை கூடவே வருகிறோம், நம் தெருப் பையன் மாதிரி ஆகிவிடுகிறான். ஆனால் 2025-இல், சீசன் தொடங்குமுன் நான்காம் இடத்தில் மதிப்பிடப்பட்ட அணி 7-6 (ஏழு வெற்றி, ஆறு தோல்வி) என்று முடித்தது.

இண்டியானா நேர் எதிர். நாட்டிலேயே அதிகமாகத் தோற்ற அணிகளில் ஒன்று அது, 2023-இல் 3-9. அந்த வருடக் கடைசியில் பயிற்சியாளராக வந்த கர்ட் சிக்னெட்டி, முன்பு பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். 2024-இல் 11-2. அடுத்த வருடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த க்வார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஃபெர்னாண்டோ மெண்டோசா, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார், அணி 16-0 என்று சாம்பியன் ஆனது.

சரி, காசு கொடுத்து ஆள் சேர்த்தால் ஜெயிக்கலாம் என்பதுதானா? இல்லை. ஃபுளோரிடா ஸ்டேட் 2023-இல் 13-0 வரை போன அணி. மறு வருடமும் போர்ட்டலில் நிறைய எடுத்தார்கள், கிளெம்சனில் தொடங்கிய டி.ஜே. உயங்கலலேயையும் சேர்த்து. முடிவு 2-10. எனக்கு முடிவெடுக்க உதவியது ஒரே கேள்விதான்: வந்தவன், சீசன் முடியும் அடுத்த ஜனவரிக்குப் பிறகும் இருப்பானா? ஏய்டன் ஃபிஷர், டி'ஏஞ்சலோ பான்ட்ஸ், எலைஜா சாரட், மிக்கைல் கமாரா நால்வரும் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வந்தவர்கள், 2024-உம் ஆடினார்கள், 2025-உம் ஆடினார்கள். பயிற்சியாளரின் ஆட்டமுறை அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம், ஒருவரை ஒருவர் தெரியும். ஆளாளாகப் பொறுக்கியதற்கும், பழகிய கூட்டம் ஒன்றாக இடம் மாறியதற்கும் உள்ள வித்தியாசம் அது.

வளர்க்கும் வழியின் பலமே முன்பு அந்த ஒரு வருடக் காத்திருப்பு விதிதான் என்று இப்போது நினைக்கிறேன். போனால் ஒரு சீசன் வீண் என்பதால் பையன்கள் இருந்தார்கள். அது போன பிறகு, நாம் வளர்த்தவனையும் ஒவ்வொரு வருடமும் மறுபடி காசு பேசித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். டென்னசி பல்கலைக்கழகம் தானே எடுத்து வளர்த்த நீகோ இயமலியேவா, 2024-இல் அணியைப் பிளேஆஃப் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதிச் சுற்றுகள்) வரை கொண்டுபோனவர், 2025 ஏப்ரலில் சம்பளப் பேச்சு முறிந்ததும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒஹாயோ ஸ்டேட் 2024 அணிக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் செலவானது. அந்த அணி வெளியாட்களை எடுத்ததோடு நிற்கவில்லை, தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போகத் தகுதியான தன் சொந்த வீரர்கள் பலரையும் இன்னொரு வருடம் இருக்க வைத்தது, அந்த சீசன் கோப்பையும் அதற்கே. ஆக வளர்த்தாலும் சேர்த்தாலும் செலவு ஓயாது, தக்கவைப்பதுதான் கடினம்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஜேம்ஸ் மேடிசன் மாதிரி சின்னக் கல்லூரிகள் பாடுபட்டு ஆளாக்கிய பையன்களைப் பெரிய கல்லூரி கொண்டுபோகிறது. அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 19 வயதில் எலும்பு முறியும் ஆட்டம் ஆடுகிறவனுக்குக் காசு வருவதும், பிடிக்காத இடத்தை விட்டுப் போக முடிவதும் நல்லதுதான். நானும் நல்ல சம்பளத்துக்காகத்தான் மாநிலம் மாறினேன்.

இரண்டு சீசன்தான் இண்டியானாவைக் கவனித்திருக்கிறேன், அதில் ஒன்றுதான் மைதானத்திலிருந்து. சிக்னெட்டியோடு வந்த முதல் கூட்டம் படிப்பு முடித்துப் போகும்போது இதே நம்பிக்கையோடு எழுதுவேனா என்று சொல்ல அந்த அனுபவம் போதாது. கிளெம்சன் ஆட்டம் டிவியில் வந்தால் இன்னும் உட்கார்ந்து பார்க்கிறேன், ஆரஞ்சுச் சட்டையும் அலமாரியில் இருக்கிறது. ப்ளூமிங்டன் டிக்கெட்டை அடுத்த வருடத்துக்கும் புதுப்பித்துவிட்டேன்.