மவுண்டிங் கிட் இல்லாத லிக்விட் கூலர்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கணினியின் பிராசஸரை நீரோட்டத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் ஒன்று பயன்படுத்தியதாகக் கைக்கு வரும்போது ரேடியேட்டர், விசிறிகள், பம்ப் எல்லாம் பெரும்பாலும் குறையின்றி இருக்கும். காணாமல் போயிருப்பது அவற்றுடன் வந்த சிறிய திருகுப் பை, அதாவது மவுண்டிங் கிட் மட்டுமே. முந்தைய உரிமையாளர் மதர்போர்டை விற்றபோது பேக்பிளேட்டும் அதன் முதுகிலேயே போயிருக்கும். அல்லது வேறொரு சாக்கெட்டுக்கான (போர்டில் பிராசஸர் அமரும் இடம்) பிராக்கெட்டைத் தேவையில்லை என்று தூக்கி எறிந்திருப்பார். இந்த நிலையில் கூலரைத் தேடுபவர்கள் 240 மி.மீ. ரேடியேட்டர் போதுமா, 360 மி.மீ. வேண்டுமா என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். என் கருத்தில் அந்தக் கேள்விக்கு இரண்டாம் இடம்தான். இல்லாத பாகம் எது, அது பம்ப்பைச் சேர்ந்ததா மதர்போர்டைச் சேர்ந்ததா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

பொருத்தும் பாகங்கள் மூன்று. பம்ப்பின் தலையைப் பற்றிக்கொள்ளும் பிராக்கெட் ஒன்று. மதர்போர்டின் பின்புறம் நின்று இழுவிசையைத் தாங்கும் பேக்பிளேட் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உயரத்தை நிர்ணயிக்கும் ஸ்டாண்டாஃப்கள் மூன்றாவது. இவற்றில் பேக்பிளேட்டுக்கு மாற்று எளிதில் கிடைக்கும். பிராக்கெட்டின் வடிவம் அந்தந்தப் பம்ப்புக்கே உரியது என்பதால் அதற்கு மாற்று அரிது. ஸ்டாண்டாஃப்தான் ஆளை ஏமாற்றும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஸ்டாண்டாஃப்களுக்கு இடையே உயரத்தில் ஒரு மி.மீ.க்கும் குறைவான வேறுபாடு இருந்தாலும், பம்ப் பிராசஸர் மீது அழுந்துமா, மேலே சும்மா நிற்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இன்டெல்லின் எல்ஜிஏ 1200 சாக்கெட்டுக்கு உரிய ஸ்டாண்டாஃப்களைக் கொண்டு, அடுத்து வந்த எல்ஜிஏ 1700 போர்டில் ஒரு கூலரைப் பொருத்தினேன். பேக்பிளேட்டின் துளைகள் நீள்வடிவில் இருந்ததால் அகல வேறுபாடு ஒரு தடையாகத் தெரியவில்லை. நான்கு நட்டுகளும் இறுதிவரை இறங்கி உலோகத்தில் முட்டி நின்றன. பம்ப்பை இரு விரல்களால் பிடித்துத் திருப்பிப் பார்த்தபோது இலேசாக ஆடியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். கணினியை இயக்கி ஒரு காணொலியை ரெண்டர் செய்யத் தொடங்கிய சில நொடிகளில் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தொட்டது, பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால், வெப்பத்தைக் கடத்த இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. நடுவில் நான் வைத்த பொட்டு ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது. எல்ஜிஏ 1700-இல் பிராசஸரின் மேற்பரப்பு முந்தைய சாக்கெட்டுகளைவிடச் சற்றுத் தாழ்வாக அமைந்திருப்பதே காரணம்.

இன்டெல் போர்டும் ஏஎம்டி போர்டும்

கிட் இல்லாத கூலரை வாங்குவதில் ஏஎம்டி போர்டு வைத்திருப்பவருக்கு இயல்பாகவே கை ஓங்கியிருக்கிறது. ஏஎம்4 சாக்கெட் கொண்ட போர்டுகள் தமக்கென ஓர் உலோக பேக்பிளேட்டுடன் வருகின்றன. பெரும்பாலான லிக்விட் கூலர்கள் அதையே பயன்படுத்திக்கொள்கின்றன. 2022-இல் வந்த ஏஎம்5-இல் பேக்பிளேட் சாக்கெட்டோடு இணைந்தே இருப்பதால் அது தொலைய வழியே இல்லை. இரண்டிலும் துளை இடைவெளி 54 மி.மீ.க்கு 90 மி.மீ.; மரையும் ஒன்றே. ஆகவே ஏஎம்4 போர்டின் சொந்த பேக்பிளேட்டில் பொருந்தும் கூலர் பொதுவாக ஏஎம்5-இலும் பொருந்தும். தனக்கென வேறு பேக்பிளேட் கேட்கும் கூலர் பொருந்தாது. அதற்கு முந்தைய ஏஎம்3-இன் இடைவெளி 48-க்கு 96 மி.மீ. என்பதால் அந்தக் காலத்து பிராக்கெட்டை வைத்து இன்றைய போர்டில் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஏஎம்4 போர்டை வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: முன்புறத் திருகுகள் நான்கையும் கழற்றினால் அதன் பேக்பிளேட் தானாகக் கழன்று விழும், எனவே கூலரைப் போலவே போர்டும் பேக்பிளேட் இல்லாமல் விற்பனைக்கு வரக்கூடும்.

மரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியின் பேக்பிளேட்டில் உள்ளது 6-32 எனப்படும் அங்குல மரை. திருகின் விட்டம் ஏறத்தாழ 3.5 மி.மீ. வீட்டில் கிடக்கும் எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) திருகு அதில் பிடிப்பின்றி ஆடும். எம்4 நுழையவே நுழையாது. எம்3.5 திருகோ முதல் இரண்டு சுற்றுக்கு ஒத்துழைப்பதுபோல் நடித்துவிட்டுப் பிறகு மரையைத் தின்றுவிடும். ஏஎம்5-இல் அந்த மரை கெட்டால் போர்டே பாதிக்கப்படும் என்பதால் கையில் கிடைத்த திருகை வைத்துச் சோதித்துப் பார்க்கும் இடம் இதுவல்ல.

இன்டெல் பக்கம் நிலைமை வேறு. 2009-இல் வந்த எல்ஜிஏ 1156 தொடங்கி 2020-இன் எல்ஜிஏ 1200 வரை துளை இடைவெளி 75 மி.மீ. சதுரமாகவே இருந்தது, 2021-இல் எல்ஜிஏ 1700 வந்தபோது அது 78 மி.மீ. ஆனது, 2024-இன் எல்ஜிஏ 1851-உம் அதையே தொடர்கிறது. இந்தச் சாக்கெட்டுகளில் கூலருக்கான பேக்பிளேட்டைக் கூலர்தான் கொண்டுவர வேண்டும். பொதுவான பேக்பிளேட் வாங்கினால், சாக்கெட்டின் சொந்த உலோகத் தகட்டுக்கும் அதன் திருகுகளுக்கும் அதில் இடம் விட்டிருக்கிறதா, போர்டைத் தொடும் பக்கத்தில் மின்காப்புப் படலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெற்று உலோகம் போர்டின் பின்புறச் சால்டர் முனைகளைத் தொட்டால் கூலரைப் பற்றிய கவலையே இல்லாமல் போய்விடும். எல்ஜிஏ 2011, 2066 போன்ற பெரிய சாக்கெட்டுகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு: அவற்றில் மரைத்துளைகள் சாக்கெட்டிலேயே அமைந்திருப்பதால் பேக்பிளேட் தேவையில்லை, எம்4 மரை கொண்ட நான்கு ஸ்டாண்டாஃப்கள் போதும்.

பல் வளையப் பம்ப்பும் ஆர்க்டிக்கும்

பழைய சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் இரண்டு வகைகளை ஒப்பிடுவோம். முதலாவது, டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் தயாரித்து வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் விற்பனையான வட்டப் பம்ப் வகை. என்இசட்எக்ஸ்டி கிராக்கன் எக்ஸ்62, ஈவிஜிஏ சிஎல்சி 280, கோர்செயர் எச்100ஐ வி2 ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பம்ப்பின் விளிம்பைச் சுற்றிப் பற்கள் இருக்கும். பிராக்கெட் வளையத்தின் பற்கள் அவற்றுக்கு இடையே இறங்கித் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். ஒரே தயாரிப்பாளர் என்பதால் ஒரு நிறுவனத்தின் கூலருக்குரிய வளையம் இன்னொரு நிறுவனத்தின் கூலரில் பொருந்துவது வழக்கம். கிட் தொலைந்தவருக்கு இது பெரிய வசதி: தேடவேண்டிய பொருள் ஒன்றுக்குப் பதிலாக ஐந்தாறு ஆகிவிடுகிறது.

அந்த வசதியிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. பெட்டியின் மீதுள்ள பெயரை நம்ப முடியாது. கோர்செயரின் முதல் எச்100ஐ வேறொரு நிறுவனமான கூல்ஐடி தயாரித்தது. அதே பெயரில் பின்னர் வந்த வி2-ஐத் தயாரித்தது அசெடெக். எனவே எச்100ஐ கிட் என்று மட்டும் தேடி வாங்குபவர் தவறான பம்ப்புக்கான பிராக்கெட்டைப் பெற வாய்ப்புண்டு. விற்பவரிடம் பம்ப்பின் அடிப்பகுதியையும் விளிம்பையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பற்களின் வடிவத்தை வளையத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. அசெடெக்கிலும் தலைமுறைக்குத் தலைமுறை வளையம் மாறியிருக்கிறது.

இரண்டாவது வகை ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2. 2019-இல் வந்த இந்தக் கூலரின் பிராக்கெட், பம்ப்பின் இருபுறமும் திருகப்படும் உலோகக் கைகளாக அமைந்தது. வேறெந்த நிறுவனத்தின் பாகமும் இதற்கு உதவாது. ஆனாலும் எல்ஜிஏ 1700 வந்தபோது, ஏற்கெனவே கூலரை வைத்திருந்தவர்களுக்கு ஆர்க்டிக் அதற்கான கிட்டை இலவசமாகவே வழங்கியது. தயாரிப்பாளர் துணை நிற்பதும் பொதுப் பாகங்கள் புழங்குவதும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால் முன்னதற்கே கூடுதல் மதிப்பெண் தருவேன், ஏனெனில் தயாரிப்பாளர் அனுப்பும் ஸ்டாண்டாஃபின் உயரத்தை நாம் அளந்து பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கூலரைப் பழையதாக வாங்குபவர், தொடக்கக்காலத் தயாரிப்புகளில் நீர்க்கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டில் குறை இருந்ததையும் அதற்கென நிறுவனம் பழுதுநீக்கும் கிட்டை அளித்ததையும் அறிந்து, கைக்கு வந்திருக்கும் கூலர் சரிசெய்யப்பட்டதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இதற்கு அடுத்ததாக 2024-இல் வந்த லிக்விட் ஃப்ரீசர் 3-ஐ அதே நம்பிக்கையில் வாங்கிவிட வேண்டாம். இன்டெல் போர்டில் அது, சாக்கெட்டின் பூட்டும் கொக்கியையே அகற்றிவிட்டு, அந்த இடத்தில் கூலருடன் வரும் உலோகச் சட்டத்தைப் பொருத்திய பிறகு அதன் மீது ஏறி அமர்வது. அந்தச் சட்டம் இல்லாத கூலர் இன்டெல் பயனருக்கு உதவாது. ஏஎம்டி போர்டுக்கு இந்தச் சட்டம் தேவையே இல்லை.

பொதுக் கிட்டும் சொந்தக் கைவேலையும்

எல்லாச் சாக்கெட்டுகளுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கிட்டுகளில் பேக்பிளேட்டை மட்டும் நம்பலாம். உடன் வரும் ஸ்டாண்டாஃப்களை, கூலரின் கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, வெர்னியர் அளவியால் அளந்த பிறகே பயன்படுத்த வேண்டும். 3டி அச்சில் பிராக்கெட் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ நெகிழி ஏறத்தாழ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதற்கு முன்பே, தொடர்ந்து அழுத்தத்தில் இருப்பதால் மெல்ல வளைந்து பிடிப்பை இழக்கும். முதல் நாள் சோதனையில் எல்லாம் சரியாக இருந்து மூன்றாவது மாதத்தில் வெப்பநிலை ஏறும் வகையான கோளாறு இது. சரியான கிட் வந்து சேரும் வரை ஓரிரு வாரம் ஒப்பேற்றலாம் என்பதற்கு மேல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெகிழிக் கட்டுப்பட்டையால் பம்ப்பை இழுத்துக் கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இந்த அலைச்சலுக்கெல்லாம் எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது நல்ல காற்றுக் கூலர். நாக்டுவா தன் கூலர்களுக்கு, வாங்கிய ரசீதைக் காட்டினால் புதிய சாக்கெட்டுக்கான கிட்டை இலவசமாக அனுப்பிவருகிறது. அதன் என்எச்-டி15 மாதிரி 165 மி.மீ. உயரமும் இரு விசிறிகளுடன் 1,320 கிராம் எடையும் கொண்டது என்பதால் கேபினெட்டில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடமிருந்தால், பிராக்கெட் கிடைக்குமா என்று தெரியாத 360 மி.மீ. கூலரைவிட அதையே தேர்ந்தெடுப்பேன். பழைய லிக்விட் கூலரில் பம்ப் தேய்ந்திருக்கும், ரப்பர் குழாய் வழியே நீர் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைந்திருக்கும். காற்றுக் கூலரில் தேய்வது விசிறி ஒன்றுதான்.

திருகுப் பை இல்லையென்றால் கம்பிகளும் இல்லாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். கிராக்கன் எக்ஸ்62-இன் கிளைக்கம்பி அந்தக் கூலருக்கே உரியது. கோர்செயரின் எலைட் கேபெல்லிக்ஸ் வகை, கமாண்டர் கோர் என்ற தனிப் பெட்டி இல்லாமல் இயங்காது. இவற்றைத் தனியாகத் தேடுவது பிராக்கெட்டைத் தேடுவதைவிடச் சலிப்பூட்டும் வேலை, ஆகவே விற்பவரிடம் கம்பிகளைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும்.

ரேடியேட்டர் திருகுகளும் அந்தப் பையில்தான் இருந்திருக்கும். சில ரேடியேட்டர்கள் எம்3 மரையும் சில 6-32 மரையும் கொண்டவை. விசிறியின் தடிமன் 25 மி.மீ. என்பதால் 30 மி.மீ. திருகு ரேடியேட்டருக்குள் 5 மி.மீ. இறங்கும், 35 மி.மீ. திருகைப் போட்டால் துளைக்கு நேர் கீழே ஓடும் நீர்க்குழலை அது துளைத்துவிடக்கூடும். திருகை முதலில் விசிறியில் மட்டும் நுழைத்து, மறுபக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்த பிறகே ரேடியேட்டரில் வைக்க வேண்டும்.