ரென்ட்டா, ஃபால்செட்டோஸா? தருமபுரியில் ஓயாத ஒரு பஞ்சாயத்து

எனக்கும் கிருஷ்ணகிரி மச்சானுக்கும் இது தீராத சண்டை. ஆணும் ஆணும் காதலிக்கும் கதையைப் பாட்டாகவே சொல்லும் நியூயார்க் நாடகங்களில் எது ஒசத்தி? அவன் ரென்ட் கட்சி, நான் ஃபால்செட்டோஸ். ரெண்டு பேரும் எதையும் நேரில் பார்த்ததில்லை. மேடையில் நடந்ததைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்களே, அதுதான். இயர்போன் ஆளுக்கொரு பக்கம்.

கணக்குப் பார்த்தால் மச்சான்தான் ஜெயிப்பான். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் இரண்டும் தொடங்கியது ஏப்ரல் 29-ஆம் தேதி. ஃபால்செட்டோஸ் 1992இல், ரென்ட் 1996இல். முன்னது 486 காட்சி. பின்னது 12 வருஷம் ஓடி 5,123 காட்சி. இருபது டாலர் முன்வரிசை டிக்கெட்டுக்காக நடைபாதையிலேயே படுத்துக்கிடந்த ரசிகர்களுக்கு ‘ரென்ட்ஹெட்ஸ்’ என்று பேரே உண்டு. பாரதக் கூத்துக்குச் சாயங்காலமே கோணிப்பை விரித்து இடம்பிடிக்கிற பென்னாகரத்துப் பக்கத்து ஆளுக்கு இதெல்லாம் அதிசயமா என்ன?

ரென்ட்டில் காலின்ஸ் என்பவன் காதலிக்கும் ஏஞ்சல் எய்ட்ஸில் செத்துப்போகும் இடத்தில் மச்சான் ஒவ்வொரு தடவையும் அழுவான். நானும்தான். ஆனால் ஒன்று உறுத்தும். அந்தக் கதையில் வரும் இளைஞர்களின் அப்பா அம்மா போனில் பதிவாகும் குரலாக மட்டுமே வருகிறார்கள். தேவையென்றால் கேட்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். நம்மூரில் அது நடக்குமா? அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

ஃபால்செட்டோஸில் வீடுதான் மேடை. விஸ்ஸர் என்ற ஆணுக்காக மனைவி ட்ரினாவையும் மகன் ஜேசனையும் விட்டுப்போகிறான் மார்வின். ஆனாலும் எல்லோரும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழித்துத்தான் ஆகவேண்டும். இதற்குப் பாட்டெழுதி இசையமைத்த வில்லியம் ஃபின்னின் பாட்டு சிரிக்க வைத்துக்கொண்டே கழுத்தைப் பிடிக்கும். 2016இல் மறுபடி மேடையேறியபோது சாம்பல் நிறக் கட்டைகளை அடுக்கிக் கலைத்தே நாற்காலி, மேசை எல்லாம் செய்தார்கள். கூத்தில் ஒரே பெஞ்சு சிம்மாசனமாகவும் தேராகவும் ஆவதில்லையா, அப்படித்தான்.

ட்ரினா அடுப்படியில் நின்று காய் நறுக்கிக்கொண்டே புத்தி பேதலிக்கப் பாடும் காட்சி வந்தபோது, அம்மா புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“யாருடா இது?”

“புருஷன் விட்டுட்டுப் போயிட்டாம்மா. இன்னொரு ஆம்பளகூட.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அந்தப் பொம்பள என்ன பாவம் பண்ணா?”

ரென்ட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஊர்வாய்க்குப் பயந்து தாலி கட்டியவர்களையும், அந்தத் தாலியைச் சுமப்பவர்களையும் தெரிந்தவனுக்கு 5,123 பெரிய எண் கிடையாது. பாட்டு மட்டும் என்றால், சரி, ரென்ட்டுக்கு அரை மார்க் கூடுதல். மச்சானுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

அன்றைக்கு கரண்ட் போய்விட்டதால் கடைசி அரைமணி நேரம் அம்மா பார்க்கவில்லை. பதின்மூன்று வயதில் யூதப் பையன்களுக்குச் செய்யும் சடங்கை ஜேசனுக்கு எங்கே வைப்பது, யாரைக் கூப்பிடுவது என்று வீடே அடித்துக்கொள்ளும் கட்டம் அது. மறுநாள் தட்டில் களி உருண்டையை வைத்தபடி கேட்டாள்.

“அந்தப் பையனுக்கு விசேஷம் நடந்துச்சா?”

“நடந்துச்சும்மா. விஸ்ஸர் படுத்திருந்த ஆஸ்பத்திரி ரூம்லயே வெச்சுட்டாங்க.”

“அவ வந்தாளா?”

“வந்தா.”

“ம்,” என்று குழம்பை ஊற்றினாள்.