மீன் சாப்பாடு: நாய்க்கு அருமை, காசிமேட்டு நாய்க்கு மட்டும் பொறுங்கள்

"ஒவ்வாமையோன்னு நாய்க்கு சிக்கனை நிறுத்தி ஒரு மாசமா மீன்தான் போடுறோம், அப்பவும் காலை நக்கிக்கிட்டே இருக்கே?" சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்திலிருந்து ஒருவர் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சேர்ந்த சாப்பாட்டில் எனக்குக் குறையே இல்லை. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு வெந்த மீன் சதை 250 கிராம், வெந்த கிழங்கு 400 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன். இதில் தொடங்கி, வாராவாரம் எடை பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். சங்கரா மீனோ கிழங்கான் மீனோ அரைக் கிலோவுக்கு மேலேயே வாங்குங்கள், முள் நீக்கினால் எடை நன்றாகக் குறையும். இட்லிப் பானையில் அவித்தால் போதும். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் கூடாது. முள்ளைக் கையால் தடவித்தான் எடுக்கணும், கண்ணை நம்பாதீர்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி வேண்டாம். ஐஸ் இல்லாமல் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் ஊறிவிடும். வேகவைத்தாலும் அது போகாது. நாய் சொறியும், நாம் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வோம்.

இப்போது எனக்கு எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே சாப்பாட்டை மட்டும் கொடுத்து ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் 8 வாரச் சோதனைக்கு நாய் இதுவரை தின்றே இராத புரதம் வேண்டும். காசிமேட்டைச் சுற்றி வளர்ந்த நாய்க்கு மீன் எப்படிப் புதுசாகும்? குட்டியிலிருந்தே மீன் தலையும் குடலும் தின்று வளர்ந்தது அது. காடைக்கு மாறலாம் என்பார்கள். அதுவும் கோழி இனம்தானே, கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியுமே என்றால், உணவு ஒவ்வாமைக்கு அதை நம்ப முடியாது.

அதைவிடக் கொடுமை டீக்கடைப் பொறை. எட்டு வாரம் பொத்திப் பொத்திப் பார்த்ததை, பாசத்தோடு ஒருவர் வீசும் அரைத் துண்டு மைதா கெடுத்துவிடும். இறைச்சிச் சுவை சேர்த்த உண்ணி மாத்திரையும் அப்படித்தான். டாக்டரிடம் கேட்டு, கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்கு மாறுங்கள். மீன் எண்ணெய் கேப்சூலின் மேலுறை பெரும்பாலும் விலங்குப் புரதமான ஜெலட்டின், அதையும் மறந்துவிடுவார்கள். காதில் சீழோ ஈஸ்ட்டோ இருந்தால் முதலில் அதற்கு மருந்து போடணும். இல்லாவிட்டால் எந்தச் சாப்பாடும் பலிக்காது.

எனவே மீனை இவ்வளவு புகழ்ந்துவிட்டும் என் தீர்ப்பு: முதல் 8 வாரம் கடையில் பையில் விற்கும் ஹைட்ரோலைஸ்டு நாய் உணவுதான். விலை வயிற்றெரிச்சல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் புரதத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாக உடைத்திருப்பதால், நாய் முன்பு என்ன தின்றது என்ற கணக்கு பெரும்பாலும் தேவைப்படாது. ஒவ்வாமை உணவால்தான் என்றால் பெரும்பாலான நாய்களுக்கு 5 வாரத்துக்குள் அரிப்பு குறையும். குறைந்ததும் நிறுத்திவிடாமல் எட்டையும் முடியுங்கள். பிறகு பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள். 2 வாரத்துக்குள் அரிப்பு வந்தால் குற்றவாளி சாப்பாடுதான்.

மீண்டும் பை உணவுக்கு மாறி, அரிப்பு அடங்கிய பிறகு கிழங்கான் மீனை மட்டும் 2 வாரம் சேர்த்துப் பாருங்கள். அரிப்பு வரவில்லையா, மீனையே நிரந்தரமாக்கலாம். ஆனால் வெறும் மீனும் கிழங்கும் காலத்துக்கும் போதாது. கால்சியம், வைட்டமின் அளவை டாக்டர்தான் சொல்லணும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. விலை ஏறுவதற்குள் சுத்தம் செய்து, நாள் கணக்குக்குப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.