ஏலக் காசின் விளிம்பையும் பார்த்து எடுங்கள்

ரோமானிய வெள்ளிக்காசு, சோழர் செப்புக்காசு என்று ஏலத்தில் எடுக்கும் நண்பர்கள் அடுத்த லாட்டுக்கு (ஏலப் பொருளுக்கு) விலை கேட்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு ஏல நிறுவனத்திடம் ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்து டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு ஒன்று எடுத்தேன். முன்பக்கம் வாகை சூடிய தலை, பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். கோவை, கரூர் வட்டாரத்துப் புதையல்களில் கிடைக்கிற அதே ரகம். பட்டியலில் ‘விஎஃப், அழகிய டோனிங், விளிம்பு முழுமை’ என்று போட்டிருந்தார்கள். விஎஃப் என்றால் தேய்மானம் குறைந்த நல்ல தரம்; டோனிங் என்றால் காலப்போக்கில் வெள்ளியில் ஏறும் நிறம். இரண்டு முகங்களுக்கும் பளிச்சென்று படம் இருந்தது. விளிம்புக்குப் படமும் இல்லை, எடையும் இல்லை.

காசு கைக்கு வந்ததும் லூப் (சிறு பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். தலைக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு திட்டு மட்டும் நிறம் மாறி, சாம்பல் பூத்து, சொரசொரவென்று இருந்தது. அதன் இருபுறமும் குறுக்கே மெல்லிய கோடுகள். தெரிந்த நகைப் பத்தரிடம் கொடுத்தேன். ஒரு திருப்புத் திருப்பியதுமே சொல்லிவிட்டார்: “இது வளையம் பத்த வெச்ச எடமுங்க. வளையத்தை எடுத்துப்போட்டு அரத்துல ராவியிருக்காங்க. வெளுப்பு தெரியாம இருக்கக் கறுப்பு ஏத்தியிருக்காங்க.” அவர் தராசில் எடை 3.38 கிராம். அந்தக் காலத்து டெனாரியஸ் நல்ல நிலையில் 3.7 கிராமை ஒட்டி நிற்கும். தேய்மானத்தில் போனது எவ்வளவு, அரத்தில் போனது எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

போன் போட்டேன். “சார், ரெண்டாயிரம் வருஷத்துக் காசுன்னா அப்படித்தான் இருக்கும். உள்ளது உள்ளபடின்னு விதிமுறையிலயே இருக்கு பாருங்க” என்றார்கள். உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்த விதியை நானும் மதித்திருப்பேன். இல்லாத ‘விளிம்பு முழுமை’யை எழுதிவிட்டு எப்படி அதைக் காட்டுகிறார்கள்?

வளையம் கோத்த காசு எனக்கு இளப்பமில்லை. ரோமானியக் காசை நம் நாட்டில் ஓட்டை போட்டும் வளையம் வைத்தும் நகையாகப் பூண்டிருக்கிறார்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் மேலேயே உளி வெட்டு இருக்கிறது. அந்த வெட்டுக்காகவே ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். ‘வளையம் நீக்கப்பட்டது’ என்று இரண்டு சொல் போட்டிருந்தால் அதற்கேற்ற விலைக்கு மனநிறைவோடு எடுத்திருப்பேன். அதை மறைத்ததால் முழுக் காசுக்குரிய விலை, அதன் மேல் ஏலக் கமிஷன், அதற்கு ஜிஎஸ்டி என்று எல்லாம் என் தலையில் விழுந்தது. அந்தக் காசை யாரோ அணிந்திருந்த வரலாற்றையும் சேர்த்தே ராவி எறிந்திருக்கிறார்கள். பணம் போனதைவிட எனக்கு ஆறாதது அதுதான்.

அதனால் விலை கேட்கும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். எடை எவ்வளவு, விளிம்பின் படம் எங்கே, வளையம் வைத்த அல்லது துளை அடைத்த அடையாளம் உண்டா, செதுக்கித் திருத்தியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வெள்ளி என்றால் உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி போர்த்தியதா என்றும் கேட்க வேண்டும்; அப்படிப்பட்டவை ரோமானியர் காலத்திலேயே உண்டு. இராசராசன் செப்புக்காசு போன்றவற்றில் மேற்பரப்பு வழவழவென்று தேய்ந்திருக்க, உருவத்தின் கைகால் மட்டும் கத்திக்கூர்மையாக நின்றால் பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். அது குளோரைடு அரிப்பு, ஈரக்காற்று பட்டால் காசைத் தின்றுகொண்டே போகும். அழகிய பச்சைப் பாசி என்று அதையும் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால், விற்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

‘உள்ளது உள்ளபடி’ என்றதும் அடங்கிப் போக வேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு, படங்களோடு எழுதிய பிறகுதான் காசைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். ஏல விலையைத் தருவார்களாம், கமிஷனும் கூரியர் செலவும் கிடையாதாம். நான் ஒப்பவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

இன்னொன்று: எடுக்கும் லாட்டின் பட்டியல் பக்கத்தை அன்றைக்கே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் புகார் போன பிறகு அவர்கள் பக்கத்தில் ‘விளிம்பு முழுமை’ என்ற சொற்களைக் காணோம். என்னிடம் பழைய படம் இருக்கிறது. அதே ஏலத்தில் வெள்ளிக்காசு எடுத்தவர்கள் விளிம்பை ஒருமுறை லூப்பில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே மனு கொடுப்போம்.